சமய அனுபவமும் மனநோயும்: பிரித்தறியும் அளவுகோல்

காதில் விழும் குரல் அருளா, நோயா என்பதைக் குரலை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அசரீரி, ஒளித்தோற்றம், தன் மனத்தில் ஓடும் எண்ணம் தன்னுடையதல்ல என்னும் உணர்வு ஆகியவை அடியார் வரலாறுகளிலும் உண்டு. மனச்சிதைவு நோயாளியின் மருத்துவக் குறிப்பிலும் உண்டு. இக்கருத்தரங்கு ஆராய வேண்டியது அனுபவத்தின் வடிவத்தை அன்று. அது ஒருவர் வாழ்க்கையை என்ன செய்கிறது என்பதையே.

இவ்வழியை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். எடின்பரோவில் 1901, 1902 ஆண்டுகளில் ஆற்றிய சொற்பொழிவுகளில், திருத்தூதர் பவுல் கண்ட காட்சியை வலிப்பு நோய் என்று சொல்லி முடித்துவிடும் போக்கை அவர் மறுத்தார். எல்லா எண்ணங்களுக்கும் உடலே களம். நாத்திகரின் எண்ணமும் விலக்கன்று. ஆகவே பிறப்பிடத்தைக் கொண்டு மதிப்பிடலாகாது, விளைவைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்றார்.

மைக் ஜாக்சனும் பில் ஃபுல்ஃபோர்டும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் சைமன் என்ற மாற்றுப்பெயரில் வரும் கறுப்பின அமெரிக்க வழக்கறிஞர் இதற்கு அரிய சான்று. சக வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கால் அவர் தொழிலே ஆட்டங்கண்டிருந்தது. விரித்துவைத்த வேதாகமத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபித்தார். வழிந்த மெழுகு சில சொற்களின்மேல் முத்திரைபோலப் படிந்தது. அது தமக்கு வந்த செய்தி என்று கொண்டார். பிறர் கண்ணுக்கு அதில் எதுவும் புலப்படவில்லை. வேறு எண்ணங்கள் தம் மனத்துள் புகுவதாகவும் உணர்ந்தார். அறிகுறிகளை மட்டும் எண்ணிப் பார்க்கும் மருத்துவர் இதைத் தீவிர மனநோய் என்றே எழுதுவார். சைமனோ அந்தத் துணிவிலேயே வழக்காடி வென்றார், தொழிலும் செழித்தது.

வழக்கில் தோற்றிருந்தால் அவர் நோயாளி ஆகியிருப்பாரா? விளைவு என்னும் அளவுகோலின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. வெற்றி பணத்தையும் சுற்றத்தையும் வாய்ப்பையும் பொறுத்தது. எனவே வேறு சிலவற்றையும் கேட்டாக வேண்டும்: அந்த அனுபவத்தைப் பற்றி அவரால் ஐயப்பட முடிகிறதா? உறக்கமும் உணவும் உறவும் நிலைக்கின்றனவா? தன்னையோ பிறரையோ துன்புறுத்தக் குரல் ஏவுகிறதா? இங்கிலாந்தில் இம்மானுவெல் பீட்டர்ஸ் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்க்கிறது. புதிய சமய இயக்கத்தாரும் மருத்துவமனையிலிருந்த மனநோயாளிகளும் அசாதாரண நம்பிக்கைகளின் எண்ணிக்கையில் ஒத்திருந்தார்கள். அவற்றால் அடைந்த துயரத்தில் வேறுபட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாடும், விரும்பாமல் வருவதும் சமயச் சூழலுக்கு வெளியே நிகழ்வதுமான ஆவேசத்தையே நோயாகக் கொண்டது. கோயிலில் சாமியாடுபவர் அதன் வரம்புக்குள் வரமாட்டார்.

சமய அனுபவமும் மனநோயும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பக்தருக்கும் நோய் வரும். நோய் தணிந்த பின்னும் பக்தி நிற்கும். தவறு இரு பக்கமும் நேர்கிறது. அருளாளரை நோயாளி என்பது அவமதிப்பு; நோயாளியை மருந்தின்றி விடுவது உயிருக்கே ஆபத்து. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அவ்வூர் தர்காவில் நோய் தீரும் என்று நம்பி அழைத்துவரப்பட்டவர்கள் இத்தகைய காப்பகங்களில் தங்கவைக்கப்படுவது அன்று வழக்கமாக இருந்தது. பின்னாளில் அதே தர்காவில் மனநல மருத்துவர்கள் வந்தமர்ந்து, வேண்டுதலைத் தடுக்காமலேயே மருந்தும் தரும் திட்டம் தொடங்கப்பட்டது.