புத்தகப் பையில் புகும் போதை

 

விழா மேடைக்கு உகந்த இனிய பொருளன்று இது. ஆயினும் இத்தனை பெற்றோர் ஒருங்கே அமர்ந்திருக்கும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. ஆதலின் இதனையே எடுத்துக்கொண்டேன்.

மதுவும் புகையிலையும் வாசற்படி ஏறாத இல்லங்கள் நம்முடையவை. அதனாலேயே போதை நம் பிள்ளைகளை அண்டாது என்று நம்பிவிடுகிறோம். நான் குறிப்பிடும் போதைக்கோ மதுக்கடை வேண்டா. எழுத்துப் பிழையை மறைக்கும் ஒயிட்னர், பெயிண்ட்டில் கலக்கும் தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், நகப்பூச்சு நீக்கும் திரவம், பெட்ரோல், நறுமணம் தெளிக்கும் ஸ்பிரே ஆகியவை போதும். இவற்றின் ஆவியைக் கைக்குட்டையில் நனைத்தோ, பிளாஸ்டிக் பையில் அடைத்தோ உள்ளிழுக்கிறார்கள்.

தெருவோரச் சிறுவர்களின் பழக்கம் என்று இதனை ஒதுக்குவோர் உளர். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி, 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வைக் காண்க. 10 முதல் 17 வயது வரை உள்ளோரில் 1.17 விழுக்காட்டினர் இவ்வாறு முகர்கின்றனர், பெரியவர்களில் 0.58 விழுக்காட்டினரே. ஏனைய போதைப் பொருள்களில் எல்லாம் பெரியவர்களே மிகுதி. இதில் மட்டும் பிள்ளைகள் முந்தி நிற்கிறார்கள். காரணம் எளிது: விலை குறைவு, கடைக்காரர் ஐயுறுவதில்லை, வாயில் மதுவாடை வீசுவதில்லை. புட்டியில் அடைத்த ஒயிட்னரையும் அதன் தின்னரையும் சில்லறையில் விற்க 2012ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தது. நல்ல செயல்தான், ஆனால் சைக்கிள் கடைச் சொல்யூஷனை எந்தச் சட்டம் பூட்டி வைக்கும்?

இப்பொருள்களில் உள்ள டொலுயீன் போன்ற கரைப்பான்கள் கொழுப்பில் எளிதில் கரைபவை. மூளையோ கொழுப்பு மிகுந்த உறுப்பு. நுரையீரல் வழியே சென்ற ஆவி சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. மயக்கம் சில நிமிடங்களே நிலைக்குமாதலால் மீண்டும் மீண்டும் இழுக்கத் தோன்றுகிறது. நாளடைவில் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள உறை சிதைந்து நினைவாற்றல் குன்றும், நடை தள்ளாடும், செவியும் கண்ணும் தளரும்.

இவை ஆண்டுக்கணக்கில் விளைபவை. முதல் முறையிலேயே உயிர் போவதும் உண்டு. 1970ஆம் ஆண்டில் மில்லார்ட் பாஸ் என்னும் மருத்துவர், அமெரிக்க இளைஞர் 110 பேருக்கு இவ்வாறு நேர்ந்த திடீர் மரணங்களை ஆராய்ந்து வெளியிட்டார். பையில் மூச்சு முட்டி இறந்தவர்கள் அல்லர் அவர்கள். இதயத்துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் என்பது அவர் கண்ட முடிவு. இந்த ஆவி இதயத்தை மிகையாகக் கூருணர்வு கொள்ளச் செய்கிறது. அந்நிலையில் அச்சமோ ஓட்டமோ நேர்ந்து உடலில் அட்ரினலின் பெருகினால், துடிப்பு குலைந்து நின்றுவிடக்கூடும்.

பெற்றோர்களே, இவ்விடத்தில் சற்று நின்று கேளுங்கள். மாடியிலோ குளியலறையிலோ பிள்ளை முகர்ந்துகொண்டிருக்கக் கண்டால், நம் கை ஓங்குவதும் குரல் உயர்வதும் இயல்பு. அந்த நொடியில் அவை இரண்டும் ஆபத்து. அதட்டாதீர்கள், துரத்தாதீர்கள். தாழ்ந்த குரலில் பேசி, பொருளை விலக்கி, சன்னல்களைத் திறந்து, அமர வையுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ எரியலாகாது. அந்த ஆவி தீப்பற்றும். நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள். கேள்விகள் மறுநாளைக்கு இருக்கட்டும்.

முன்கூட்டியே அறிவது எப்படி? தாயின் மூக்கே முதற் கருவி. மூச்சிலோ சட்டையிலோ பெயிண்ட், பெட்ரோல் வாடை வருகிறதா? துணி துவைக்கும்போது கைக்குட்டையும் சட்டைக் கையும் விறைத்து, வெள்ளைத் திட்டோடு இருக்கின்றனவா? மூக்கையும் வாயையும் சுற்றித் தடிப்போ புண்ணோ இருப்பதும், கண் சிவந்து மூக்கொழுகுவதும், மதுவாடை இன்றியே நா குழறித் தள்ளாடுவதும் கவனத்திற்குரியவை. தேர்வு இல்லாத நாளிலும் ஒயிட்னர் வாங்கக் காசு கேட்பது, கட்டிலடியில் காலிக் குழாய்கள் கிடப்பது, உணவு வெறுப்பது, காரணமற்ற சினம் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சளி பிடித்தாலும் கண் சிவக்கும். பருவ வயதில் சினம் யாருக்கு வராது?

இப்பழக்கத்தை மாற்றத் தனி மருந்து கிடையாது. உளநல மருத்துவரின் ஆலோசனையும் குடும்பத்தின் பொறுமையும் சேர்ந்தே மாற்ற வேண்டும்; மாதங்கள் ஆகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உளநலப் பிரிவு உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

‘வெளியே தெரிந்தால் நாளை திருமணப் பேச்சு என்னாகும்?’ என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு எழும் என்பதை அறிவேன். உறவுக்குள் உறவாகப் பின்னிக் கிடக்கும் சிறு சமூகம் நம்முடையது. ஒரு வீட்டுச் செய்தி பத்து ஊருக்குச் செல்ல ஒரு திருமண வரவேற்பு போதும். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரங்களை மறைவாகக் காப்பதை மருத்துவரின் கடமையாகவே விதித்திருக்கிறது. போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளும் அச்சட்டத்துள் அடங்கும். மருத்துவரின் அறையிலிருந்து செய்தி வெளியே வாராது.