இணையம் நின்று போனால் குற்றவாளி யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் இணையம் மெதுவாகிவிட்டால் நாம் முதலில் யாரைத் திட்டுகிறோம்? இணையச் சேவை வழங்கும் நிறுவனத்தைத்தான். தொலைபேசியில் அரை மணி நேரம் காத்திருந்து புகார் கொடுக்கிறோம். அவர்களும் சோதித்துப் பார்த்து, "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். நாம் நம்புவதில்லை. ஆனால் பல வேளைகளில் அவர்கள் சொல்வது உண்மை. திருடன் தெருவில் இல்லை, நம் வீட்டுக் கணினிக்குள் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர்தான் வேவு மென்பொருள்.

இந்த வேவு மென்பொருள் பெரும்பாலும் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. நாமே அழைத்து வருகிறோம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பாட்டுகளை இலவசமாக இறக்கிக்கொள்ள 'கஸா' என்ற மென்பொருளைப் பலர் பயன்படுத்தினார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு விளம்பர மென்பொருள்களும் வந்தன. இன்று கஸா இல்லை, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. இலவசப் படம், இலவச விளையாட்டு, திருட்டுப் பதிப்பு மென்பொருள் என்று எதையாவது இறக்குகிறோம். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று படிக்காமலே அழுத்துகிறோம். இலவசம் என்று மாட்டை வாங்கி, கூடவே உண்ணியையும் வீட்டுக்கு ஓட்டி வருகிறோம்.

சரி, உள்ளே வந்தது இணையத்தை எப்படிக் கெடுக்கிறது? மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நம் இணைப்பைத் தின்கிறது. நீங்கள் தட்டச்சு செய்வதையும் பார்க்கும் பக்கங்களையும் தன் முதலாளிக்கு அனுப்புகிறது. விளம்பரங்களை இறக்குகிறது. கணினியும் இணையமும் சேர்ந்தே திணறுகின்றன.

இரண்டாவது, உங்களுக்கும் இணையத்துக்கும் இடையில் வந்து நிற்கிறது. கட்டுமான இடத்தில் செங்கல்லைக் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் ஒரு வேற்றாள் நுழைந்துகொண்டால் ஒவ்வொரு கல்லையும் அவன் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புவான். திடீரென்று அவனை இழுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? வரிசையில் இடைவெளி விழும், கல் கீழே விழும். வேவு மென்பொருளை நீக்கிய மறுகணமே இணையம் அடியோடு நின்று போவதற்குக் காரணம் இதுதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது அடிக்கடி நடந்தது. இப்போது 'பிராக்ஸி' என்ற இடைத்தரகர் அமைப்பின் வழியாக இதே கதை நடக்கிறது. மென்பொருள் போய்விடும், ஆனால் "எல்லாவற்றையும் அவன் வழியாகவே அனுப்பு" என்ற கட்டளை கணினியில் தங்கிவிடும். வைஃபை அடையாளம் முழுமையாகத் தெரியும், ஒரு பக்கமும் திறக்காது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. இணையத்தில் ஒரு பெயரை நாம் தட்டினால், அதற்குரிய எண் முகவரியை ஒரு கணினி தேடித் தருகிறது. அதை டிஎன்எஸ் என்கிறோம். தொலைபேசிப் புத்தகம் போன்றது. அந்தப் புத்தகத்தையே மாற்றி வைத்துவிட்டால், வங்கிக்குப் போக நினைத்து வேறு வாசலில் நிற்போம். 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற தீய மென்பொருள் இப்படி 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளைத் திசை திருப்பியது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதை வெளிப்படுத்தியது. எஸ்தோனியாவைச் சேர்ந்த ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். ஆனால் அவர்களுடைய கணினிகளை உடனே அணைத்தால், பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் இணையம் நின்றுவிடும். அதனால் நீதிமன்ற உத்தரவோடு மாற்றுக் கணினிகளை வைத்து 2012 ஜூலை 9 வரை நடத்தினார்கள். திருடனைப் பிடித்த பிறகும் அவன் போட்ட பாதையில்தான் மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள்!

இனி, வீட்டில் நாம் என்ன செய்யலாம்? வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: அதே வைஃபையில் உங்கள் கைத்தொலைபேசியைப் பயன்படுத்திப் பாருங்கள். அதிலும் இணையம் வரவில்லையா? மோடத்தை அணைத்து, சற்று நேரம் கழித்துப் போடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் நிறுவனத்தை அழையுங்கள். கைத்தொலைபேசியில் நன்றாக வந்து கணினியில் மட்டும் வரவில்லை என்றால், கோளாறு கணினிக்குள் இருக்கிறது.

இரண்டு: சந்தேகம் வந்தவுடன் அந்தக் கணினியில் வங்கிப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

மூன்று: விண்டோஸில் 'செட்டிங்ஸ்' சென்று, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் 'பிராக்ஸி' என்பதைப் பாருங்கள். வீட்டுக் கணினியில் அது பொதுவாக அணைந்தே இருக்க வேண்டும். எரிந்தால் அணையுங்கள். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் கை வைக்காமல் அவர்களிடம் கேளுங்கள். அணைத்த பிறகு, கணினியைத் திரும்பப் போட்டதும் அது தானாக எரிகிறதா? அப்படியானால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள்.

நான்கு: நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து தேதி வாரியாகப் பாருங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி, நீங்கள் அறியாமல் வந்தவற்றை நீக்குங்கள். உலாவியில் உள்ள துணை நிரல்களையும் அப்படியே சரிபாருங்கள்.

ஐந்து: விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்' கூடவே வருகிறது. அதில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்ற வசதி உண்டு. விண்டோஸ் முழுதாக விழிப்பதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பவையும் அகப்படும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறு: சுத்தம் செய்த பிறகும் இணையம் வரவில்லை என்றால், டிஎன்எஸ் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மோடத்திலும் அது மாற்றப்பட்டிருக்கலாம். கடைசியாக 'நெட்வொர்க் ரீசெட்' செய்யுங்கள். வைஃபை கடவுச்சொல்லை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பக் கேட்கும். இந்த வரிசை முக்கியம். சுத்தம் செய்யாமல் ரீசெட் செய்தால், உள்ளே இருப்பவன் மறுபடியும் எல்லாவற்றையும் மாற்றி வைப்பான்.

ஏழு: வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி. இதை விட்டுவிட்டால் பூட்டைச் சரிசெய்து, சாவியைத் திருடனிடமே விட்டு வைத்ததாகிவிடும்.

ஒன்றும் பலிக்காமல் கடைக்குத் தூக்கிப் போனால், "ஃபார்மெட் செய்யலாமா?" என்று கேட்பார்கள். அவசரத்தில் தலையாட்டாதீர்கள். பிள்ளையின் திருமணப் படங்களும், மறைந்த தாயாரின் குரல் பதிவும் அதில்தான் இருக்கும். முதலில் படங்களையும் ஆவணங்களையும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மென்பொருள் கோப்புகளை மட்டும் திரும்ப ஏற்ற வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் கணினியில் வைரஸ்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள். அது மருத்துவர் வேடம் போட்ட நோய். மைக்ரோசாஃப்ட் இப்படித் தொலைபேசி எண் போட்டு எச்சரிப்பதில்லை.

வேவு மென்பொருள் இப்போது கைத்தொலைபேசிக்கும் குடி வந்துவிட்டது. அண்டை நாடான சிங்கப்பூரில் 2023இல் மட்டும் தீய மென்பொருள் வழி நடந்த மோசடிகள் 1,899. இழப்பு குறைந்தது 34.1 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. பலர் மலிவு விலை விளம்பரத்தைப் பார்த்து, அனுப்பப்பட்ட செயலியைத் தங்கள் கையாலேயே நிறுவியவர்கள். நம் நாட்டில் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. "பிள்ளைகளிடம் சொன்னால் திட்டுவார்களே" என்று மறைத்து வைக்காதீர்கள். நீங்கள் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா கணினியோடு வந்து நின்றால், "என்னத்தை அழுத்தினீர்கள்?" என்று அதட்டாதீர்கள். "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் கோளாறும் தெரியவரும், அடுத்த முறை அவர் உங்களிடம் தயங்காமல் வருவார்.