புகையும் பிறவிக் கூறும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் வேளையில் தேநீர்க் கடைகளின் பக்கம் சென்றவர்கள் ஒரு காட்சியை அறிவார்கள்: ஒரு கையில் தேநீர், மறு கையில் பீடி அல்லது சிகரெட். ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் இதே காட்சிதான். புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். சிறுநீர்ப்பையில் புற்றுநோயையும் அது விளைவிக்கும் என்றால், "மூச்சோடு போகும் புகைக்கும் அடிவயிற்றுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பார்கள். கேட்கத் தகுந்த கேள்வியே.

இதற்கு முதல் தடயம் கிடைத்தது புகையிலையில் அன்று; சாயத்தில். 1895-ஆம் ஆண்டில், பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவரான லுட்விக் ரேன் என்பார், சாயத் தொழிற்சாலையில் உழைத்தவர்களிடையே இந்நோய் காணப்படுவதை எடுத்துரைத்தார். அரோமாட்டிக் அமீன்கள் என்னும் இரசாயனப் பொருள்களே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவற்றுள் சில சிகரெட் புகையிலும் உண்டு. அவை இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் மாறுதலடைந்து, சிறுநீரகத்தின் வழியே வடிந்து சிறுநீர்ப்பையைச் சேர்கின்றன. அங்கே மணிக்கணக்கில் தேங்கியும் நிற்கின்றன. புகைப்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, புகையாதவரைக் காட்டிலும் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை மிகுதி.

புகைப்பவர் அனைவருக்கும் ஆபத்து ஒரே அளவினதா? அன்று. இதை விளங்கிக்கொள்ள நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை; பூவிருந்தவல்லியில் பஸ் ஏறிச் சேத்துப்பட்டில் இறங்கினால் போதும். அங்கே 1956-இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் விளங்குகிறது. ஐசோனியசிட் என்னும் மருந்தை ஒரே அளவில் கொடுத்தாலும், சிலர் உடல் அதை விரைவிலும் சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை அந்நிலையத்தார் ஆராய்ந்தனர். மெதுவாகச் செய்பவர்களுக்கே கைகால் நரம்புத் தளர்ச்சி மிகுதியாக வந்தது. பி-6 வைட்டமின் அதைத் தடுத்தது.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் நாட்-2 என்னும் ஜீன். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகள் நமக்கு வருகின்றன. இரண்டும் மந்தமானவையாயின், அந்த ஜீன் உண்டாக்கும் நொதியும் மந்தமாகவே வேலை செய்யும். ஜப்பானியரில் இத்தகையோர் பத்தில் ஒருவர் அளவினரே; தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர். காசநோய் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் அதே நொதிதான், புகையில் வரும் அமீன்களின் நஞ்சைத் தணிப்பதிலும் பங்கு கொள்கிறது. அது மந்தமானால் தணியாத நஞ்சு மிகுதியாகச் சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேரும்.

2005-இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சி ஒன்று, மந்த நொதியுடையோர்க்கு இந்நோயின் வாய்ப்பு ஏறக்குறைய 1.4 மடங்கு என்று கண்டது. ஜி.எஸ்.டி.எம்-1 என்ற மற்றொரு ஜீன் அறவே இல்லாதவர்க்கு 1.7 மடங்கு. மந்த நொதியின் தீமை முக்கியமாகப் புகைப்போரிடமே வெளிப்பட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். திரி இருந்தாலும் நெருப்பு வைத்தால்தானே வெடிக்கும்?

"எனக்கு விரைவு நொதி, நான் புகைக்கலாம்" என்று ஒருவர் சொல்வாரானால், அவர் கணக்குத் தெரியாதவர். 1.4 மடங்கை விலக்கிவிட்டு, மூன்று மடங்கைக் கைவிரலில் பிடித்திருக்கிறார். நுரையீரலும் இதயமும் அந்த நொதியைக் கேட்டுக்கொண்டு கெடுவதில்லை. பிறவியில் வந்ததை மாற்ற நம்மால் இயலாது. புகையை நிறுத்தியவர்க்கோ ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்துக் குறைகிறது.

இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் தோன்றுவது. ஒரு நாள் தோன்றி மறுநாள் மறைந்தும் போகும். மறைந்துவிட்டதே என்று வாளா இருப்போர் பலர். உங்கள் வீட்டுப் பெரியவர் எவரேனும் அப்படிச் சொல்லக் கேட்டால், தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.