முக்கொம்பில் ஒரு பகல்



எங்கள் அரும்பாவூர் பச்சைமலையின் அடிவாரத்தில் இருப்பது. மரத்திலே தெய்வத் திருவுருவங்களைச் செதுக்கும் சிற்பிகளால் பெயர் பெற்றது. அச்சிற்பங்களுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்களுக்கு இல்லாத ஒன்று பெரிய ஆறு. மலைமேல் கருமேகம் கவிந்தால் ஓடையில் வெள்ளம் வரும். மழை விட்டால் வடிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகுவதெல்லாம் கிணற்றில்தான்.

ஆதலால், ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களைத் துறையூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கும், அங்கிருந்து மேற்கே முக்கொம்புக்கும் அழைத்துச் செல்வது என் வழக்கம். காலையில் சென்று, மரநிழலில் கட்டுச்சோறு உண்டு, ஓடியாடி, மாலையில் திரும்புவதற்கு அதைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் இல்லை. அகன்று வரும் காவிரி அங்கே காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரிகிறது. அவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதே திருவரங்கத் தீவு.

கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. நீர் பெரும்பாலும் அதில் இறங்கிவிட, காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது; தஞ்சை வயல்கள் நீருக்கு ஏங்கின. அதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டுவித்தார். இவற்றையெல்லாம் மாணவர்களுக்கு ஆர்வத்தோடு சொல்லுவேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ஒரு முறை சொல்லாமல் விட்டேன்.

அது 1993-ஆம் ஆண்டு. உண்டு முடித்தபின் எண்ணிப் பார்த்தேன். அழைத்து வந்தவர்கள் நாற்பத்தொருவர். எதிரே நின்றவர்கள் நாற்பதின்மர். மீண்டும் எண்ணினேன், நாற்பதுதான். அந்தக் கணத்தில் என் உடல் நடுங்கியதை இன்றும் மறக்க இயலவில்லை. தூக்குச்சட்டியைக் கழுவச் சென்ற ஒரு மாணவன், அது நீரோடு நழுவிப் போகவே அதன் பின்னே இறங்கியிருக்கிறான். கிணற்றில் தலைகீழாகக் குதித்து நீந்துகிறவன் அவன். மீன் பிடித்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மூங்கிற்கழியை நீட்டி அவனைக் கரை சேர்த்தார்.

ஈரத்தோடு நடுங்கி நின்றவனைக் கடிந்து கொள்ள எனக்கு நா எழவில்லை. அவனே சொன்னான்: “ஆழம் இல்லை ஐயா, இடுப்பளவுதான். ஆனால் காலுக்குக் கீழே மணல் நிற்கவில்லை.”

நான் சொல்லாமல் விட்ட பாடம் அதுதான். கிணற்று நீர் நிற்கும். ஆற்று நீர் இழுக்கும். கிணற்றில் படியும் சுவரும் இருந்த இடத்தில் இருக்கும். ஆற்றில் நேற்று மேடாக இருந்த இடம் இன்று பள்ளமாகும். மதகுகளின் கீழே விழும் நீர் தரையை அரித்துச் சுழலை உண்டாக்கும். நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும். ஆனால் குடகு மலையில் பெய்த மழையும் மேட்டூரில் திறந்த நீரும் இங்கே வந்து சேரும். மேகம் பார்த்து வெள்ளத்தை அறியப் பழகிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிது அல்லவா?

நீரின் வலிமையை 2018 ஆகஸ்டில் அனைவருமே கண்டோம். வெள்ளப் பெருக்கின்போது கொள்ளிடத்து அணையில் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. நூற்றெண்பது ஆண்டுகள் நின்ற கற்கட்டையே பெயர்த்த நீர், ஒரு சிறுவனின் காலை விட்டுவைக்குமா?

நம் முன்னோர் படித்துறைகளை அழகுக்காக மட்டும் அமைக்கவில்லை. இறங்கத் தக்க இடம் எது என்று காட்டவும் அமைத்தார்கள். ஆடிப் பெருக்கன்று குடும்பத்தோடு செல்வோர் இதை நினைவில் வைக்க வேண்டும். படித்துறை இல்லாத இடத்தில் இறங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் விலகி நில்லுங்கள். நழுவிய பாத்திரத்தை ஆற்றுக்கே விட்டுவிடுங்கள். வந்த தலைகளை மணிக்கொரு முறை எண்ணுங்கள்.

அந்த மாணவன் இன்று மரச்சிற்பி. சென்ற ஆடியில் தன் பிள்ளைகளோடு முக்கொம்புக்குப் போய் வந்ததாகச் சொன்னான். “எத்தனை முறை எண்ணினாய்?” என்று கேட்டேன்.

“எண்ணிக்கொண்டேதான் இருந்தேன், ஐயா” என்றான்.