மிளகளவு சென்சார்

ஏசி சர்வீஸுக்குப் போகிற வீடுகளில் இரண்டு புகார்தான் அதிகம் வரும். "ரூம் குளிரவே இல்லை, அதுக்குள்ள நின்னுடுது" என்பார்கள். இல்லையென்றால், "விடிய விடிய ஓடுது, நிக்கவே மாட்டேங்குது." கேஸ் குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். அவற்றை இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்கு எனக்குப் பிடித்த ஆளைப் பற்றி மட்டும்: சென்சார்.

சுவரில் இருக்கும் யூனிட்டின் முன்மூடியைத் திறந்தால், அறைக்காற்று உள்ளே நுழையும் இடத்தில் ஒரு கிளிப். அதில் மெல்லிய ஒயர், நுனியில் மிளகளவு உருண்டை. தெர்மிஸ்டர் என்று பெயர். அறை எவ்வளவு சூடு என்று ஏசிக்குச் சொல்வது இதுதான். சூடு ஏற ஏற இதன் மின்தடை இறங்கும். இந்த விசித்திர குணத்தை வெள்ளி சல்ஃபைடில் ஃபாரடே 1833-லேயே கவனித்துவிட்டார்.

ஒரு மே மாதம். கதவைத் திறந்த பெரியவர் சால்வை போர்த்தியிருந்தார்! 24-ல் வைத்தாலும் அறை உறைகிறதாம். "போன தடவை வந்தவர் போர்டையே மாத்தணும்னுட்டார் தம்பி" என்றார். சென்சாரை அளந்தேன், குறையே இல்லை. திரும்பினால், ரிமோட் செட்டாப் பாக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. சில ரிமோட்டுக்குள்ளும் ஒரு சென்சார் உண்டு. அதற்கான பட்டனை அமுக்கிவிட்டால் ஏசி தன் சென்சாரை விட்டுவிட்டு ரிமோட்டின் பேச்சைத்தான் கேட்கும். பட்டனை அமுக்கியது பேரன். பெட்டிச் சூட்டில் கிடந்த ரிமோட், அறை இன்னும் வேகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க, ஏசியும் பாவம், ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ரிமோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். ரிப்பேர் அவ்வளவுதான். விசிட்டிங் சார்ஜ் வாங்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

சரி, சென்சாரே பழுதா என்று எப்படிப் பார்ப்பது? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, போர்டிலிருந்து பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் வைக்க வேண்டும். பல மாடல்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம். 5, 15, 20 கிலோ ஓம் வகைகளும் உண்டு. விரலிடுக்கில் பிடித்தால் எண் மளமளவென்று இறங்கும். அதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் சலிப்பு வரவில்லை. அடுத்து, டம்ளரில் ஐஸ் நிறையப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சென்சாரைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து அமிழ்த்துங்கள். 10 கிலோ ஓம் சென்சார் 30-ஐ ஒட்டி ஏறி நிற்கும். மீட்டரை 20 கிலோ ஓம் ரேஞ்சில் விட்டுவிட்டு, "சென்சார் செத்துப்போச்சு" என்று தீர்ப்பு எழுதிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். ரேஞ்சை மாற்றுங்கள், ஐயா! எண் அசையவே இல்லை, குதிக்கிறது, சுழியம் காட்டுகிறது என்றால்தான் பழுது.

நேரம் முடியப்போகிறது. புதிது வாங்கினால் அதே ஓம் மதிப்பில் வாங்குங்கள், மறக்காமல் கிளிப்பில் மாட்டுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் யூனிட்டைத் திறக்கவே வேண்டாம். சென்சார் சில நூறு ரூபாய், போர்டு பல ஆயிரம். அடுத்த முறை யாராவது போர்டு போய்விட்டது என்றால், "சென்சாரை ஒருதரம் அளந்து காட்டுப்பா" என்று கேட்டுவிடுங்கள்.