நீரை ஒட்டிப் பறந்த பூதம்

ஏரியில் கூழைக்கடா பறப்பதைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில், சிறகை அடிக்காமலே வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போகும். உயரத்தில் பறக்கும்போது இறக்கை முனையில் காற்று கீழிருந்து மேலாகச் சுருண்டு சுழலும். அந்தச் சுழல் பின்னுக்கு இழுக்கும். நீர்ப்பரப்பு நெருங்கி இருந்தால் சுழல் விரிய இடமில்லை. இழுவை குறையும், தாங்குவிசை கூடும். இதைத்தான் தரை விளைவு என்கிறோம்.

இதை நம்பி வாழ்ந்தவர் சோவியத் பொறியாளர் ரோஸ்திஸ்லாவ் அலெக்ஸேயெவ். வோல்கா நதியில் 1957இல் ஓடிய 'ரகேட்டா' என்ற வேகப்படகு அவர் வடிவமைத்ததுதான். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். கப்பலை நீரிலிருந்தே எழுப்பத் துணிந்தார்.

1966 அக்டோபரில் காஸ்பியன் கடலில் அவருடைய 'கேஎம்' எழுந்தது. நீளம் 92 மீட்டர். உச்ச எடை 544 டன். செயற்கைக்கோள் படத்தில் இதைக் கண்ட அமெரிக்கர்கள், இன்னதென்று புரியாமல் 'காஸ்பியன் கடல் பூதம்' என்று பெயர் வைத்தார்கள்.

பூதத்துக்குப் பத்து ஜெட் எஞ்சின்கள். அதில் எட்டு, தண்ணீரின் பிடியிலிருந்து விடுபடுவதற்கு. எழுந்தபின் இரண்டே போதும். மற்ற எட்டையும் வழிநெடுகச் சுமக்க வேண்டும். அலை உயர்ந்தால் பயணமில்லை. திருப்பத்தில் அதிகம் சாய்ந்தால் இறக்கை முனை நீரில் இடிக்கும். இந்த வகை பெருகாமல் போனதற்கு இவையே முதற்காரணம் என்பேன்.

ஆனாலும் அந்த மனிதரின் நெஞ்சுரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'ஓர்லியோனோக்' என்ற அடுத்த வண்டியின் சோதனை ஓட்டத்தில் வால்பகுதி முறிந்து கடலில் விழுந்தது. உள்ளே இருந்த அலெக்ஸேயெவ் விசைகளைத் தாமே கையில் எடுத்தார். மூக்கில் இருந்த எஞ்சின்களை முழுவேகத்தில் முடுக்கி, உடைந்த பின்புறத்தில் தண்ணீர் ஏறாதபடி கரை சேர்த்தார். அதன்பிறகு அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, பதவி இறக்கம். 1980இல் காலமானார். அதே ஆண்டு கேஎம் விபத்துக்குள்ளாகி காஸ்பியனில் மூழ்கியது.

முதுகில் ஆறு ஏவுகணைக் குழாய்களும் எட்டு எஞ்சின்களும் கொண்ட 'லூன்' அவருக்குப் பின் வந்தது. அதை 2020இல் தாகெஸ்தானின் தெர்பென்ட் நகரக் கடற்கரைக்கு இழுத்து வந்தார்கள். கேஎம்முக்குக் கிடைக்காத கரை அதற்குக் கிடைத்தது.