வெள்ளத்தில் செல்லும் வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வேளச்சேரித் தெருக்களில் படகுகள் ஓடின. கார்கள் மூழ்கிக் கிடந்தன. அதனை நினைத்துப் பழைய மாணவர் ஒருவர் என்னிடம், “சேற்றிலும் நீரிலும் செல்லும் பிக்கப் வண்டி வாங்கலாமா, ஐயா?” என்று வினவினார்.

“முதலில் அதன் மூச்சைப் பார், தம்பி” என்றேன். எஞ்சின் காற்றை உள்ளிழுத்தே இயங்குகிறது. அவ்வழியே நீர் புகுந்தால், அது காற்றைப்போல் அமுங்காது. உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். நீரில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது அதனினும் கேடு.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்புச் சேற்றில் உதவும், ஆழத்தில் உதவாது. காற்றுக்குழாயைக் கூரைவரை உயர்த்துவோர் உண்டு. ஆனால் பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆதலின் முதலிலேயே ஏற்ற வண்டியைத் தேர்ந்துகொள்வது நன்று.

குழாய் உயர்ந்தாலும், ஆழம் மிகுந்தால் நீர் வண்டியையே தூக்கும், சக்கரம் பிடிப்பிழக்கும். கலங்கிய நீரின்கீழ்க் குழியும் கால்வாயும் கண்ணுக்குத் தெரியா.

வண்டி எவ்வளவு ஆழம் தாங்கும் என்று அதைச் செய்தவர் குறித்திருப்பர். அவ்வளவை அறிந்து, அதற்கு முன்னரே நின்றுவிடுபவனே நல்ல ஓட்டுநன்.